யார் பெயர் ஏட்டில் இருக்கிறது? – வெகுசன தேச வரலாற்று நூல்களை வாசித்தல்

(ஜூலை 23 தாமிரபரணி நினைவு நாளையொட்டிப் பாபநாசத்தில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தோழர்களே, பெரியோர்களே, மாஞ்சோலையிலிருந்தும் ஊத்திலிருந்தும் நாலுமுக்கிலிருந்தும் இறங்கி வந்து இப்போது சமவெளியில் வாடகை வீடுகளில் இருக்கும் உறவுகளே!

நாம் கூடியிருப்பது ஆறு மலையை விட்டு இறங்கும் இடத்தில். இங்கிருந்து சற்று மேலே, அகத்தியர் அருவிக்கு அப்பால், கல்யாண தீர்த்தம் இருக்கிறது. 1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் அங்கேதான் வ.வே.சு. ஐயர் இறந்தார். தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்தார், இருவருமே திரும்பவில்லை. இதே ஆறு கீழே போய்த் திருநெல்வேலி கொக்கிரகுளத்தைத் தொடும் இடத்தில், 1999 ஜூலை 23 அன்று, 17 பேர் இறந்தார்கள். சிறையில் கிடந்த தோட்டத் தொழிலாளர்களை விடுதலை செய்யக் கேட்டு ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகப் போனவர்கள் அவர்கள். தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கினார்கள். இறந்தவர்களில் இரு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு.

முதல் மரணம் தமிழில் வந்த விடுதலைப் போராட்ட நூல்களில் எல்லாம் இருக்கிறது. அது இருக்க வேண்டியதுதான். மகளுக்காகக் குதித்த ஒரு தகப்பனின் மரணத்தின் முன் நாமும் தலை குனிகிறோம். இரண்டாவது மரணம் எந்தத் தேச வரலாற்று நூலில் இருக்கிறது? தேடிப் பார்த்தோம். சிறுபத்திரிகைகளில் இருக்கிறது, உண்மை அறியும் குழு அறிக்கைகளில் இருக்கிறது, ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ஆவணப்படத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையில் எடுக்கும் புத்தகத்தில் இல்லை.

ஏன் இல்லை என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

எந்தப் புத்தகங்களைச் சொல்கிறோம்?

பல்கலைக்கழக ஆய்வு நூல்களைச் சொல்லவில்லை. அவற்றுக்கு மறுப்பு எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நாம் சொல்வது, புத்தகக் கண்காட்சியில் முதல் வரிசையில் அடுக்கியிருக்கும் நூல்கள். பேருந்து நிலையக் கடையில் தொங்கும் ‘தியாகச் சுடர்கள்’ வகையறா. சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் பரிசாகக் கொடுக்கும் மெல்லிய வரலாற்றுப் புத்தகங்கள். எங்கள் தலைமுறைக்கு வரலாறு இவற்றின் வழியேதான் வந்து சேர்ந்தது. அவற்றை மனப்பாடம் செய்து மேடையேறிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறோம். கைத்தட்டியவர்களில் எங்கள் தெருக்காரர் எவரும் இல்லை என்பதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை.

சமூகவியல் படிக்கப் போன பிறகுதான் ஒன்று புரிந்தது. இந்த நூல்களில் பொய் அதிகம் இல்லை. தேதி சரியாக இருக்கும், ஊர் சரியாக இருக்கும். சாய்வு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: கதையை எங்கே தொடங்குகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள், யாருக்குப் பெயர் கொடுக்கிறார்கள். இந்த மூன்றையும் பார்த்தால் எழுதியவரின் அரசியல் தெரிந்துவிடும். காங்கிரஸ் சார்பு, இந்துத்துவச் சார்பு, திராவிடச் சார்பு, இடதுசாரிச் சார்பு என்று நாம் பிரிக்கும் நூல்களெல்லாம் இந்த மூன்றில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. சேரியைப் பொறுத்தவரை அவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

சேரன்மகாதேவியில் எத்தனை இலை?

இதே ஆற்றங்கரையில் கீழே இருக்கிறது சேரன்மகாதேவி. ஐயர் அங்கே 1922இல் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். காங்கிரஸ் ரூ. 10,000 தருவதாக ஒப்புக்கொண்டு ரூ. 5,000 கொடுத்தது. பிராமணரல்லாதாரும் நன்கொடை கொடுத்தார்கள். அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது என்ற செய்தி வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். வழக்கு காந்தி வரை போனது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரஸிலிருந்து வெளியேறினார். நூறாண்டு ஆகிவிட்டது.

தேசிய நூல்கள் இதை எப்படிச் சொல்கின்றன? லண்டனில் சாவர்க்கரின் தோழர், புதுச்சேரியில் புரட்சி வீரர், ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதியவர், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர் என்று ஐயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக வரும். குருகுலத்துக்கு வந்ததும் நடை வேகமெடுக்கும். ‘ஒரு மனத்தாங்கல்’, ‘பெற்றோர் வற்புறுத்தல்’ என்று இரண்டு வரி. உடனே கல்யாண தீர்த்தம். துயர மரணம் வந்த பிறகு எந்த வாசகருக்கும் பந்தியைப் பற்றிக் கேள்வி கேட்க மனம் வராது. கதை அங்கே நிறுத்தப்படுகிறது.

திராவிட இயக்க நூல்கள் கதையை அங்கேதான் தொடங்குகின்றன. தனிப்பந்தி, தனித் தண்ணீர், அதை எதிர்த்த போர், அதிலிருந்து சுயமரியாதை இயக்கம். அந்தப் போர் வீண் என்று நாம் சொல்லவில்லை. தமிழக அரசியலையே திருப்பிப் போட்ட போர் அது. அதன் பலனை நாமும் அனுபவித்திருக்கிறோம்.

ஆனால் நாம் படித்த இரு வகை நூல்களிலும் ஒரு கேள்வி இல்லை. குருகுலப் பந்தியில் சேரிப் பிள்ளைக்கு இலை போடப்பட்டதா? போடப்பட்டிருந்தால் எந்த வரிசையில்? போடப்படவில்லை என்றால், நன்கொடை கொடுத்தவர்களிலும் எதிர்த்தவர்களிலும் யாராவது அதைக் கேட்டார்களா? ஒரு நூல் ஐயரைக் காப்பாற்ற எழுதப்பட்டது. மற்றொன்று அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எழுதப்பட்டது. சேரிப் பிள்ளையைப் பற்றிய கேள்வி இரண்டுக்குமே தேவைப்படவில்லை. அரசியல் சாய்வு என்று நாம் சொல்வது இதைத்தான். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் சேர்ந்து மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்த மறதிக்குக் கட்சி வேறுபாடு கிடையாது.

வாஞ்சியின் சட்டைப் பையும் நமது கட்டுக்கதையும்

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுவிட்டுச் செங்கோட்டை வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். இதைச் சொல்லாத விடுதலைப் போராட்ட நூல் தமிழில் இல்லை. அவருடைய சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது என்பதையும் எல்லோரும் எழுதுவார்கள். கடிதத்தில் என்ன இருந்தது என்பதை எழுதும்போதுதான் கத்தரிக்கோல் வேலை செய்கிறது. ‘அன்னியரை விரட்ட உறுதிபூண்ட கடிதம்’ என்று பல நூல்கள் ஒரே வரியில் சுருக்கிவிடும்.

முழுக் கடிதம் நீளமானதல்ல. ஆங்கிலேயர் மிலேச்சர்கள், அவர்கள் சனாதன தருமத்தைக் காலால் மிதிக்கிறார்கள் என்கிறது. ராமன், கிருஷ்ணன், சிவாஜி, குரு கோவிந்தர் என்று வரிசையாகச் சொல்லி, அவர்கள் ஆண்ட நாட்டில் மாட்டிறைச்சி தின்னும் ஒருவனுக்கு முடிசூட்டுவதா என்று கொதிக்கிறது. முடிசூட்டிக்கொள்ள இருந்த ஐந்தாம் ஜார்ஜை அந்தக் கடிதம் குறிக்கும் சொல் ‘ஜார்ஜ் பஞ்சமன்’. வடமொழியில் பஞ்சமன் என்றால் ஐந்தாமவன். அன்றைய சென்னை மாகாணத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் இருந்தது. அரசுப் பதிவேடுகளே நம்மைப் பஞ்சமர் என்றுதான் எழுதின. மாட்டிறைச்சியும் அந்தச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் நிற்கும்போது, அதைப் படிக்கிற சேரிக்காரருக்கு என்ன கேட்கும் என்று வெகுசன நூலாசிரியர்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

உயிரைக் கொடுத்தவரின் துணிச்சலை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர் எந்த நாட்டை விடுதலை செய்ய விரும்பினார், அந்த நாட்டில் நமக்கு எந்த இடம் வைத்திருந்தார் என்று கேட்கிறோம். கடிதத்தை முழுதாக அச்சிடுங்கள், படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும் என்கிறோம்.

இங்கே நம்மையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் பக்கத்திலும் ஒரு கதை உலவுகிறது. பிரசவ வலியில் துடித்த ஒரு தலித் பெண்ணை அக்கிரகாரத் தெரு வழியாகக் கொண்டுபோக ஆஷ் உதவினார், குற்றால அருவியில் எல்லோரும் குளிக்க வழிசெய்தார், அதற்காகத்தான் கொல்லப்பட்டார் என்று நம்முடைய துண்டறிக்கைகளிலும் மேடைகளிலும் சொல்லிவருகிறோம். இந்த மேடையில் நிற்கும் நாமும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறோம். அக்கிரகாரக் கதைக்கு ஆதாரமாக அந்தக் காலத்து ஆவணம் ஒன்றையோ பத்திரிகைச் செய்தியையோ இதுவரை நம்மில் எவரும் காட்டவில்லை. ஆஷ், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியையும் 1908 கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் நசுக்கிய நிர்வாகத்தின் அதிகாரி. அவரை நம் இரட்சகராக்க வேண்டிய தேவை நமக்கு என்ன? கையில் முழுக் கடிதம் இருக்கும்போது எதற்குக் கட்டுக்கதை? நம் வழக்கு ஆவணத்தால் நிற்கும் வழக்கு. ஒரு பொய்ச் சாட்சி போதும், உண்மையான பத்துச் சாட்சிகளையும் எதிர்த்தரப்பு தள்ளுபடி செய்துவிடும்.

நமக்கு ஆவணம் இல்லாமலும் இல்லை. சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட அதே 1907இல் அயோத்திதாசர் சென்னையில் ‘ஒரு பைசா தமிழன்’ இதழைத் தொடங்கினார். பொதுக் கிணற்றில் சக மனிதரைத் தண்ணீர் மொள்ள விடாதவர்கள் சுயராஜ்யம் கேட்பதன் பொருள் என்ன என்று வாரந்தோறும் எழுதினார். அந்தக் காலத்துத் தேசியப் பத்திரிகைகளைப் பட்டியலிடும் வெகுசன நூல்களில் ‘சுதேசமித்திரன்’ இருக்கும், ‘இந்தியா’ இருக்கும், ‘தமிழன்’ இருக்காது. அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. எந்த ஆண்டு? 1999. கொக்கிரகுளத்தில் நம் ஆட்களை ஆற்றில் தள்ளிய அதே ஆண்டில், ஆற்றின் அதே கரை ஊரில் அந்தத் தொகுதிகள் அச்சேறின.

பேருந்தில் எழுத முடியாத பெயர்

பெயர் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டபொம்மனை எல்லோருக்கும் தெரியும். 1799 அக்டோபர் 16, கயத்தாறு, புளியமரம் என்று சிறுபிள்ளையும் சொல்லும். அவருடைய தளபதி சுந்தரலிங்கம், ஆயுதக் கிடங்கைத் தகர்த்துத் தானும் மாண்டதாகக் கவர்னகிரி வட்டாரம் நினைவில் வைத்திருக்கும் தேவேந்திரர். வெகுசன நூல்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்க அரசு முடிவு செய்தது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. அதுவரை பேருந்திலும் மாவட்டத்திலும் பல சாதித் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. நம் பெயர் ஒன்று வந்ததும் பலகையே துடைக்கப்பட்டது. தேச வரலாற்றின் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நமக்கு வேண்டாம்.

பட்டவராயன் செருப்பு

இது அச்சுப் புத்தகம் வந்த பிறகு பிறந்த நோய் அல்ல. காரையாறு போகும் வழியில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அங்கே பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை செலுத்துகிறார்கள். யார் அந்தப் பட்டவராயன்? முத்துப்பட்டன் என்ற பிராமணர். அருந்ததியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்பினார். மாமனார் நிபந்தனை போட்டார். பட்டன் பூணூலை அறுத்தார், குடுமியை எடுத்தார், தோல் வேலை பழகினார், மணந்துகொண்டார். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தார். வில்லுப்பாட்டில் இது பாடப்பட்டது.

பின்னால் இந்தக் கதைக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் விடப்பட்டுப் பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று மாற்றினார்கள். கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை இந்த மாற்றத்தை அடையாளம் காட்டினார். கவனியுங்கள்: கதையை யாரும் தடை செய்யவில்லை. பட்டன் இருக்கிறார், பெண்கள் இருக்கிறார்கள், சண்டை இருக்கிறது. பிறப்பு மட்டும் மாறியது. அந்த ஒரு மாற்றத்தில் சாதியை உடைத்த திருமணம் சாதிக்குள் நடந்த திருமணமாகிவிட்டது. வெகுசன வரலாறு செய்வதும் இதே வேலைதான். ஆனால் கோயிலில் தொங்கும் செருப்பை மாற்ற முடியவில்லை. பெண்கள் பிராமணர் என்றால் பட்டனுக்குச் செருப்பு எதற்கு? ஒரு பொருள் இடத்தில் நிலைத்திருந்தால் அது கதையைத் திருத்தும்.

மலையிலிருந்து இறங்கியவர்களின் ஏடு

இந்தப் பொருளைப் பற்றித்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க வந்தோம்.

மாஞ்சோலையைப் பற்றி வரும் கட்டுரைகளையும் பயண நூல்களையும் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீன், 1929இல் 99 ஆண்டுக் குத்தகை, 8,374 ஏக்கர், பம்பாய் பர்மா கம்பெனி, மேகம் தவழும் தேயிலை. ஆடி அமாவாசைத் திருவிழாவில் ராஜ உடையில் அமர்ந்த ஜமீன்தாரின் படம். குத்தகை கொடுத்தவர் பெயர் இருக்கிறது, எடுத்தவர் பெயர் இருக்கிறது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர் பெயர் ஒன்றுகூட இல்லை. கங்காணி கூட்டிப் போனார், அட்டை கடித்தது, குளிர்க் காய்ச்சலில் பிள்ளைகள் செத்தன, லயன் வீட்டில் நாலு தலைமுறை பிறந்தது என்று உங்கள் பாட்டிமார் சொன்னது எதுவும் ஏட்டில் இல்லை.

1999 சாவுகளைப் பற்றி அரசின் ஏடு ஒன்று இருக்கிறது: நீதிபதி மோகன் ஆணையத்தின் அறிக்கை. அது காவல்துறையின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. நாளை ஒரு வெகுசன நூலாசிரியர் இதை எழுத உட்கார்ந்தால் அவர் கையில் முதலில் கிடைப்பது அதுதான். நாம் எதையும் வைக்காமல் போனால், அவரை மட்டும் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கியது. குத்தகை முடிய 2028 வரை காலம் இருக்கும்போதே வீடுகள் காலியாகத் தொடங்கின. மலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. காலியான லயன் வீடுகள் இரண்டு மழையில் இடிந்துவிடும். அதற்குப் பிறகு அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு என்ன அடையாளம் இருக்கும்? மறுவாழ்வு கேட்டு எந்த மேசைக்கு முன்னால் போய் நின்றாலும் முதல் கேள்வி, ‘எத்தனை வருஷமாக இருந்தீர்கள், சான்று இருக்கிறதா?’ என்பதுதான். வரலாறு புத்தகக் கண்காட்சி விவகாரம் என்று நினைப்பவர்கள் அந்த மேசைக்கு முன்னால் ஒருநாள் நிற்க வேண்டும். ஏட்டில் பெயர் இல்லாதவருக்கு வீடும் இல்லை.

ஆகவே, வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டு, பி.எப். சீட்டு, பழைய ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், சங்கத்தின் சந்தா ரசீது, 1999இல் ஜெயிலிலிருந்து வந்த கடிதம், கல்யாணப் பத்திரிகை, மாதா கோயில் ஞானஸ்நானச் சீட்டு, எதையும் கிழித்துப் போடாதீர்கள். வயதானவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் செல்போனில் பதிவு செய்யுங்கள். அவர்கள் சொல்லும்போது நீங்கள் அழகுபடுத்தாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே பதிவு செய்யுங்கள். தேதி மறந்துபோனால் ‘அணையில் தண்ணீர் நிரம்பிய வருஷம்’ என்று சொன்னாலும் போதும், அதை வைத்து ஆண்டைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். நமக்கு வீரர்கள் மட்டும் வேண்டாம். கொழுந்து பறித்தவர், சமைத்தவர், பயந்து ஓடியவர், சங்கத்தோடு முரண்பட்டு வேலைக்குப் போனவர், எல்லோரும் வேண்டும். அவர்களை விட்டுவிட்டால் நாமும் இன்னொரு சாய்ந்த புத்தகத்தைத்தான் எழுதுவோம்.

இந்த மேடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் குடும்பத்தில் முதலில் மலையேறியவர் பெயர், அவர் எந்த ஊரிலிருந்து போனார், எந்த எஸ்டேட், உங்களுக்குத் தெரிந்த ஆண்டு, இந்த நான்கையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித்தரத் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் 17 பேரின் பெயர்களையும் எழுதியிருக்கிறோம். அடுத்த பக்கத்திலிருந்து உங்களுடையது.